கடைக் கணக்கு: விற்றது எவ்வளவு, வந்தது எவ்வளவு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போன் கடை, டிவி–மிக்ஸி கடை வைத்திருப்பவர்களுடையவை. எல்லாம் மாதக் கணக்கு எழுதுவதைப் பற்றியே இருப்பதால், இந்தத் தடவை முழுப் பகுதியையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

என் அப்பா மதுரையில் ஒரு ரேடியோ கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கடை அடைத்த பிறகு கல்லாவை எண்ணி, சிட்டையில் எழுதி, கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்ட பிறகுதான் சட்டையை மாட்டுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் சரிபார்த்ததில் தொடங்கியது என் கணக்குப் படிப்பு. 28 வருஷமாகக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்த இரட்டைக் கோட்டை இன்னும் விடவில்லை.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): செல்போன் கடை வைத்து 3 வருஷம் ஆகிறது, மேடம். மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே வந்த பணத்தையெல்லாம் விற்பனை என்று எழுதிவிடுவேன். பில் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஆடிட்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். பாதிக்கு மேல் இஎம்ஐ வியாபாரம். எங்கே தப்பு?

பதில்: நீங்கள் உட்காரும் இடத்திலேயே தப்பு தொடங்குகிறது, தம்பி. பில் புத்தகத்துக்கு முன்னால் உட்கார வேண்டியவர் ஸ்டேட்மென்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். ஸ்டேட்மென்டில் தெரிவது கைக்கு வந்த பணம். நீங்கள் எழுத வேண்டியது நடந்த வியாபாரம். உங்கள் தொழிலில் இந்த இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

ஒரே ஒரு போனை எடுத்துக்கொள்வோம். பில் தொகை ரூ.23,600. இதில் பொருளின் விலை 20,000. மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 9 சதவீதம் 1,800. மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் 1,800. வாடிக்கையாளர் டவுன் பேமென்ட் 7,600 தருகிறார். மீதி 16,000 ஃபைனான்ஸ். கடன் போடுவதற்கான பிராசஸிங் கட்டணம் 500 ரூபாயையும் உங்களிடமே கொடுக்கிறார். ஆக, கல்லாவில் விழுவது 8,100. இரண்டு நாள் கழித்து ஃபைனான்ஸ் கம்பெனி, அந்த 500-ஐயும், வட்டியில்லாத் திட்டத்துக்காகக் கடைக்காரர் பங்கு என்று 640-ஐயும் பிடித்துக்கொண்டு, 14,860 ரூபாயை உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறது. கல்லாவையும் வங்கியையும் கூட்டிப் பாருங்கள்: 22,960. பில்லோ 23,600. உங்கள் ஆடிட்டர் காட்டும் வித்தியாசம் இதுதான். ஒரு போனுக்கு 640. மாதத்துக்கு 40 போன் என்றால் 25,600 ரூபாய் விற்பனை கணக்கில் காணாமல் போகிறது.

இதை எழுதும் முறை இப்படி. பில் போட்ட அன்றே விற்பனைக்கு 20,000 வரவு (கிரெடிட்). இரண்டு வரிக் கணக்குகளுக்கும் 1,800 வீதம் வரவு. அந்தப் பக்கம் ரொக்கத்துக்கு 7,600 பற்று (டெபிட்), ஃபைனான்ஸ் கம்பெனிக்கு 16,000 பற்று. அந்தக் கம்பெனி பெயரில் ஒரு பேரேட்டுப் பக்கம் திறந்துவிடுங்கள். அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய கடனாளி. பிராசஸிங் கட்டணம் 500 உங்கள் பணமே இல்லை. ரொக்கத்துக்குப் பற்று வைத்து, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு வரவு வையுங்கள். இப்போது அவர்கள் தர வேண்டியது 15,500. பணம் வந்த நாளில் வங்கிக்கு 14,860 பற்று, ஃபைனான்ஸ் திட்டச் செலவுக்கு 640 பற்று, கம்பெனிக்கு 15,500 வரவு. பக்கம் பூஜ்யம் ஆகிவிடும். ஆகவில்லையென்றால் ஏதோ ஒரு கேஸுக்கு இன்னும் பணம் வரவில்லை என்று அர்த்தம். பில் நம்பரோடு கேட்டு வாங்கலாம். என்னிடம் வந்த ஒரு கடையில் இப்படிப் பக்கம் திறந்த முதல் மாதமே, 4 மாதமாக வராத 2 கேஸ் வெளியே வந்தன. மொத்தம் 31,000 ரூபாய். அதுவரை அந்தப் பணம் பாக்கி இருப்பதே அவருக்குத் தெரியாது.

கார்டு தேய்ப்பதும் இதே கதைதான். 11,800 தேய்த்தால், கட்டணம் ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 177 ரூபாய். அதன் மேல் ஜிஎஸ்டி 31.86, வங்கிக்கு வருவது 11,591.14. விற்பனை 11,800 என்றே இருக்கட்டும். 177 வங்கிக் கட்டணச் செலவு. 31.86-ஐ இன்புட்டாக, அதாவது நீங்கள் கொடுத்த ஜிஎஸ்டியாக, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ-க்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் கிடையாது. ஆனால் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை பிடிப்பது உண்டு. அதையும் தனியாக எழுதுங்கள்.

அப்புறம், உள்ளே வந்ததெல்லாம் விற்பனையும் அல்ல. மச்சானிடம் வாங்கிய கைமாற்று, டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பி அனுப்பிய பணம், கல்லாவிலிருந்து நீங்களே கட்டிய ரொக்கம் எல்லாம் ஸ்டேட்மென்டில் வரவாகத்தான் தெரியும். ரொக்க விற்பனையை ஏற்கெனவே எழுதிவிட்டு, கல்லாவிலிருந்து கட்டியதையும் விற்பனை என்று எழுதியிருந்தால், ஒரே போனை இரண்டு தடவை விற்றிருக்கிறீர்கள்!

தினமும் இரவில் 15 நிமிஷம் ஒதுக்குங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்தால் எந்த 14,860 எந்த பில்லுக்கு என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1-க்கு அடுத்த மாதம் 11-ம் தேதி, வரிக் கணக்கைக் காட்டிக் கட்டும் 3பி-க்கு 20-ம் தேதி. ஆண்டு வியாபாரம் 5 கோடிக்குள் இருந்து காலாண்டு முறையை எடுத்திருந்தால் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 13-ம் தேதி, 3பி-க்கு நம் மாநிலத்தில் 22-ம் தேதி. ஆனால் காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் வரியை அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும். தாக்கல்தான் 3 மாதத்துக்கு ஒரு தடவை. கணக்கு மாதா மாதம் வேண்டும்.

கேள்வி (புதுக்கோட்டை வாசகர்): 24,000 ரூபாய் போனுக்குப் பழைய போனை 4,000-க்கு எடுத்துக்கொண்டு, 20,000-க்கு பில் போடுகிறேன். வாங்கிய பணத்துக்குத்தானே பில்? பக்கத்துக் கடைக்காரர் இது தப்பு என்கிறார்.

பதில்: பக்கத்துக் கடைக்காரர் சொல்வது சரி. ஜிஎஸ்டி விதிகளிலேயே கிட்டத்தட்ட உங்கள் கேள்வி உதாரணமாக இருக்கிறது. மதிப்பு நிர்ணய விதி 27-ஐ எடுத்துப் பாருங்கள்: பழைய போனை வாங்கிக்கொண்டு புதுப் போனை 20,000-க்குக் கொடுத்தாலும், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதன் விலை 24,000 என்றால் மதிப்பு 24,000தான். தொகைகூட உங்களுடையதேதான்.

ஆகவே 24,000-க்கு பில். பழைய போனை 4,000-க்கு நீங்கள் கொள்முதல் செய்ததாகத் தனியாக ஒரு பதிவு. வாடிக்கையாளர் தர வேண்டிய 24,000-லிருந்து அந்த 4,000-ஐக் கழித்தால் ரொக்கம் 20,000.

அந்தப் பழைய போனை அடுத்த மாதம் 5,200-க்கு விற்றால் முழுத் தொகைக்கும் வரி கிடையாது. அதை வாங்கும்போது இன்புட் எடுக்காமல், போனின் தன்மையை மாற்றாமல் விற்கிறீர்கள் என்றால், வித்தியாசத் தொகை 1,200-க்கு மட்டும்தான் வரி. நஷ்டத்துக்கு விற்றால் வரியே இல்லை. ஆனால் எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதற்கு எழுத்து இருந்தால்தான் இந்தச் சலுகை நிற்கும். எனவே பழைய போனுக்கென்று தனி நோட்டு: தேதி, மாடல், 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), விலை, விற்றவரின் பெயர், கையெழுத்து, அடையாள அட்டை நகல். வாங்குவதற்கு முன் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணை அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் விவரம் வரும். திருட்டுப் போன் என்று போலீஸ் வந்து நிற்கும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த நோட்டுதான்.

கேள்வி (பழனி வாசகி): கணக்கை நான்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து ஸ்கூல் ஃபீஸ், கேஸ், மளிகை என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார். போன மாதம் நாத்தனார் கல்யாணத்துக்குக் கடையிலிருந்தே ஒரு வாஷிங் மெஷினும் போய்விட்டது. இதையெல்லாம் எப்படிக் காட்டுவது?

பதில்: மறைக்க எதுவும் இல்லை, சகோதரி. முதலாளி தன் பணத்தை எடுக்கிறார். அதற்கு எடுப்பு என்று பேர். கடைச் செலவில் சேர்த்துவிடாதீர்கள். 'எடுப்புகள்' என்று ஒரு தலைப்பு போட்டு, 200 ரூபாயாக இருந்தாலும் எடுத்த உடனே எழுதுங்கள். கல்லாவுக்குள்ளேயே ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்து, எடுப்பவரையே எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார், பிறகு பழகிவிடும்.

வாஷிங் மெஷினில் ஒரு படி அதிகம். நீங்கள் அதை 15,000-க்கும், அதன் மேல் 2,700 ஜிஎஸ்டிக்கும் வாங்கி, அந்த 2,700-க்கு இன்புட் எடுத்திருப்பீர்கள். வீட்டு உபயோகத்துக்கும் அன்பளிப்புக்கும் போன பொருளுக்கு இன்புட் கிடையாது. ஆகவே எடுப்புக்கு 17,700 பற்று. கொள்முதலுக்கு 15,000 வரவு. இன்புட் கணக்குக்கு 2,700 வரவு. அந்த மாத 3பி-யிலும் 2,700-ஐத் திருப்பிக் காட்டுங்கள். விற்பனை விலையில் எழுத வேண்டாம், அடக்க விலைதான்.

கேள்வி (தேனி வாசகர்): புத்தகப்படி 212 போன் இருக்க வேண்டும். எண்ணினால் 209. பையன்கள் மேல் சந்தேகப்பட மனசு வரவில்லை.

பதில்: அந்த மனசு சரியானது. அதை விட்டுவிடாதீர்கள். சில வருஷத்துக்கு முன் ஒரு கடையில் இதே மாதிரி 3 போன் குறைந்தது. முதலாளி ஒரு பையனை வேலையை விட்டு நிறுத்தும் முடிவுக்கே வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு நானும் அவரும் உட்கார்ந்தோம். எண்ணிக்கையை மூடி வைத்துவிட்டு, ஐஎம்இஐ எண்ணின் கடைசி 5 இலக்கத்தை நான் வாசிக்க வாசிக்க, அவர் பெட்டியை எடுத்துக் காட்டினார். இரண்டரை மணி நேரம் ஆனது. முதல் போன் கவுன்டர் மேலேயே இருந்தது. டெமோவுக்குப் பெட்டியைப் பிரித்ததால், பெட்டிகளை எண்ணியவர் அதை எண்ணவில்லை. இரண்டாவது, வாங்கிய மறுநாளே செத்துப்போனது என்று வாடிக்கையாளர் கொண்டுவந்ததற்குப் பதிலாகக் கொடுத்த புதுப் போன். செத்த போன் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கிடந்தது; எந்தப் பதிவும் இல்லை. மூன்றாவது, முதலாளியே பக்கத்து வீட்டுக்காரருக்கு 'பில் அப்புறம் போட்டுக்கலாம்' என்று கடனாகக் கொடுத்தது. அது நினைவுக்கு வந்ததும் அவர் எழுந்து போய் அந்தப் பையனுக்கு போன் பண்ணி நாளைக்கு வா என்றார்.

நீங்களும் எண்ணிக்கையில் தேடாதீர்கள், ஐஎம்இஐ-யில் தேடுங்கள். மாற்றிக் கொடுத்த போன் விற்பனை ஆகாது. ஒரு எண் வெளியே, ஒரு எண் உள்ளே, பழையது டிஸ்ட்ரிபியூட்டரிடம் நிலுவை என்று மூன்று வரி எழுத வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): கொள்முதல் பில் கையில் இருக்கிறது. பணமும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் இன்புட் எடுக்கக் கூடாது என்கிறார்கள். என்ன நியாயம்?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. நேர்மையாகப் பணம் கொடுத்தவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். 2022 ஜனவரி 1 முதல் இன்புட் எடுக்க பில் மட்டும் போதாது; விற்றவர் அதைத் தன் ஜிஎஸ்டிஆர்-1-ல் காட்டி, அது உங்கள் 2பி-யில் (விற்றவர்கள் காட்டியதை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் உங்கள் கொள்முதல் பட்டியலில்) தெரிய வேண்டும். மாதம்தோறும் 14-ம் தேதி 2பி தயாராகும். அன்று மாலையே உங்கள் கொள்முதல் பதிவேட்டோடு பில் நம்பர் வாரியாக டிக் அடியுங்கள்.

வராத பில்லை, காட்டவே இல்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நான் கணக்கு எழுதிய ஒரு கடைக்கு 4 டிவி-க்கான பில் 2 மாதம் வரவில்லை. விற்றவர் போட்டாச்சு என்கிறார், இங்கே வரவில்லை. இருவருக்கும் கைகலப்பு மட்டும்தான் பாக்கி. பில்லை வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. தமிழ்நாட்டுக்கு 33-ல் தொடங்கும். அடுத்த 10 எழுத்து பான் எண். பில்லில் அந்த பான் எண்ணே வேறு. இந்தக் கடையின் எண்ணுக்குப் பதிலாக வேறொருவரின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டதால், வரி அவருக்குப் போயிருந்தது. திருத்திய அடுத்த மாதம் வந்துவிட்டது. அதுவரை அந்த வரியை 'வர வேண்டிய இன்புட்' என்று தனிக் கணக்கில் நிறுத்தி வைத்திருந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கடனீந்தோர் (நீங்கள் பணம் தர வேண்டியவர்கள்) பட்டியலில் தேதிக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

சில சின்னக் கேள்விகள்

*கடை வாடகை ரூ.15,000. கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. (கரூர்)* 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற நீங்கள்தான் அந்த வாடகைக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2,700-ஐக் கட்ட வேண்டும், காம்போசிஷன் முறையில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில்) இல்லாவிட்டால். இன்புட்டில் கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதையே இன்புட்டாக எடுக்கலாம். உங்களுக்கு நீங்களே ஒரு பில் எழுதி கோப்பில் வையுங்கள்.

*சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் 38,000-க்கு ரொக்கமாகச் சாமான் வாங்கினேன். (செங்கல்பட்டு)* கணக்குப் புத்தகம் எழுதி லாபம் காட்டுபவர் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். முழு 38,000-மும் லாபத்தோடு சேர்ந்துவிடும். அடுத்த தடவை வங்கி வழியாக அனுப்புங்கள். பணம் வாங்கும் பக்கமும் ஒரு வரம்பு உண்டு: ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.

*43 இன்ச் டிவி-க்களை 28 சதவீதம் கொடுத்து வாங்கியிருந்தேன். 2025 செப்டம்பர் 22-ல் 18 ஆகிவிட்டது. பழைய இன்புட் போச்சா? (நாகர்கோவில்)* போகாது. எடுத்த இன்புட் அப்படியே இருக்கும். மற்ற விற்பனை வரிக்குக் கழித்துக்கொள்ளலாம். பில் மட்டும் விற்கும் நாளின் விகிதத்தில், 18-லேயே இருக்க வேண்டும்.

*விலை குறைந்ததற்கு டிஸ்ட்ரிபியூட்டர், நான் தர வேண்டியதில் கழித்துக்கொள்ள கிரெடிட் நோட் தருகிறார். (கோவை)* நோட்டில் ஜிஎஸ்டி தனியாகப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் அந்த அளவு இன்புட்டைக் குறைக்க வேண்டும். வரி இல்லாத நோட்டு என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் மட்டும் கழித்தால் போதும். இன்புட்டைத் தொட வேண்டாம்.

கேள்வி (விருதுநகர் வாசகர், வயது 62): பேரேடு எழுதியே பழகியவன் அம்மா. மகன் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலிக்கு மாறச் சொல்கிறான். இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் வீண்தானா என்று தோன்றுகிறது.

பதில்: வீண் இல்லவே இல்லை, ஐயா. டாலி கற்றுக்கொள்ள வருபவர்களில் பேரேடு தெரிந்தவர்களுக்குத்தான் சீக்கிரம் பிடிபடுகிறது. பற்று எது, வரவு எது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைச் சொல்லித் தராது. கல்லாப் பணத்தை வங்கியில் கட்டினால் எஃப்4. பணம் கொடுத்தால் எஃப்5, வாங்கினால் எஃப்6. நீங்கள் குறிப்பேட்டில் எழுதும் சரிக்கட்டல் எல்லாம் எஃப்7. விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9. நீங்கள் ஐந்தொகை என்று சொல்வதை அது பேலன்ஸ் ஷீட் என்கிறது. இந்த ஆறு பொத்தான்களை ஒரு அட்டையில் தமிழில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

பொருள்களுக்கு எச்எஸ்என் எண் (பொருளின் வகையைக் காட்டும் ஜிஎஸ்டி எண்) போடுவதை மகனிடம் விடுங்கள்: செல்போன் 8517, டிவி 8528, ஃபிரிட்ஜ் 8418, வாஷிங் மெஷின் 8450. ஐஎம்இஐ வாரியாக இருப்பு வைக்கும் வசதியையும் முதல் நாளே போட்டுவிடட்டும். நடுவில் சேர்ப்பது பெரும் வேலை.

புதுக் கணக்கை ஏப்ரல் 1-ல் தொடங்குங்கள். மார்ச் 31 இரவு உங்கள் பேரேட்டில் நிற்கும் பாக்கிகள்தான் டாலியின் தொடக்க இருப்பு. ஆயுத பூஜைக்கு வழக்கம்போல நோட்டில் பிள்ளையார் சுழி போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. ஏப்ரல் மாதம் மட்டும் சிட்டையையும் நிறுத்தாமல் எழுதுங்கள். தினமும் இரவு நீங்கள் எண்ணிய ரொக்கத்தை மகன் திரையில் காட்டும் ரொக்கத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து தேடுங்கள். பழைய பேரேடுகளைப் பரண் மேல் பத்திரமாக வையுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்னின் கெடு முடிந்ததிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மே மாதம் எழுதுங்கள் ஐயா, ஏப்ரல் எப்படிப் போனது என்று.